ரூட்டர் வீட்டுச் சம்பந்தம்

பேசுவது என் தொழில். கானா நாட்டில் எங்கள் க்வாஹு மலையில் மாப்பிள்ளை வீட்டார் பெண் கேட்டுப் போனால் தாங்களாக வாய் திறக்கக் கூடாது. அவர்களுக்காக நான் திறப்பேன். பெண் வீட்டுக்கும் என்னைப் போல ஒருத்தி இருப்பாள். நாங்கள் இருவரும் முற்றத்தின் நடுவில் நின்று சண்டை போடுவோம், கேலி செய்வோம், மாறி மாறி அபராதம் போடுவோம், எல்லாம் முடிந்ததும் கட்டிப்பிடித்து ஆடுவோம். இத்தனை வருடத்தில் எந்தப் பேச்சுக்காரியும் என்னை மடக்கியது கிடையாது. ஒரு லேப்டாப் மடக்கியது. நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது.

மாப்பிள்ளை பெயர் பெக்குவே. கனடாவில் சாஸ்கடூன் என்ற ஊரில் வேலை. அங்கே எச்சில் துப்பினால் தரையில் விழுவதற்குள் கல்லாகிவிடுமாம். பெண் ஒஃபோரிவா. மலையடிவாரக் கல்லூரியில் கம்ப்யூட்டர்களையும் இணையத்தையும் கவனித்துக்கொள்கிறவள். கனடா போவதற்கு முன் அவனும் அதே அறையில்தான் வேலை பார்த்தான். பழகினார்கள், பிடித்துப்போனது, நான் பெண் கேட்கக் கிளம்பினேன். ஒரே சிக்கல், மாப்பிள்ளையால் வர முடியாது. அவனுடைய வேலை அனுமதி புதுப்பிக்கப் போயிருந்தது. இந்த நேரத்தில் நாட்டை விட்டுக் கிளம்பினால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள்.

இது எங்களுக்குப் புதிதல்ல. மாப்பிள்ளை வெளிநாட்டில் இருந்தால் அவன் போட்டோவுக்குச் சட்டம் போட்டு, நாற்காலியில் உட்காரவைத்துக் காரியத்தை முடித்துவிடுவோம். ஆனால் பெண்ணின் அப்பா ஒடுரோ ஐயாவிடம் போட்டோ என்ற பேச்சையே எடுக்க முடியாது. அவருடைய தங்கை மகள் டோக்குவாவை அப்படித்தான் ஒரு போட்டோவுக்குக் கட்டிக்கொடுத்தார். நாற்காலியில் போட்டோ சிரித்துக்கொண்டிருந்தது. போட்டோவுக்குரியவன் இன்றுவரை வரவில்லை. முதலில் மாதம் ஒரு போன் வந்தது, அப்புறம் ஈஸ்டருக்கு ஒரு போன், அப்புறம் அதுவும் நின்றுபோனது. டோக்குவா மாமா வீட்டோடு இருக்கிறாள். எந்த விசேஷம் நடந்தாலும் சமையல்கட்டை விட்டு வெளியே தலைகாட்ட மாட்டாள்.

அதனால் ஒடுரோ ஐயா முன்கூட்டியே என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"அவனால வர முடியலையா, போகட்டும். ஆனா என் சபையில அவனே வாயத் திறந்து பேசணும். நான் கேப்பேன், அவன் பதில் சொல்லணும். இல்லன்னா நீங்க கொண்டுவர்ற பாட்டிலத் தொடக்கூட மாட்டேன். அப்படியே திருப்பி எடுத்துட்டுப் போயிடுங்க."

பாட்டில் என்றால் ஷ்னாப்ஸ் என்ற மது. பெண் வீடு அதை வாங்கி வைத்துக்கொண்டால் சம்பந்தம் உண்டு. திருப்பிக் கொடுத்தால் பெண் இல்லை, பேச்சும் இல்லை.

பெக்குவே அதற்கும் வழி செய்திருந்தான். பெண்ணுக்குச் சீராகப் புத்தம்புது லேப்டாப் ஒன்றை ஊருக்கு வந்தவர்களிடம் கொடுத்தனுப்பியிருந்தான். அதில் அவன் முகம் வரும், பேசுவான், பேசி முடித்ததும் லேப்டாப் பெண்ணுக்கு. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அவன் போட்டோ ஒன்றையும் சட்டம் போட்டு, துணிப்பெட்டிக்குள் அடியில் ஒளித்து எடுத்துக்கொண்டேன்.

அந்த வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய பாறைக்கு அடியில் கட்டிய வீடு. செல்போன் சிக்னல் பாறைக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். போன் பேச வேண்டுமானால் தேவாலயத்துச் சாலை வளைவு வரை மூச்சு வாங்க ஏற வேண்டும். ஒஃபோரிவா தினமும் சாயங்காலம் அங்கே ஏறி நின்றுதான் கனடாவோடு பேசுவாள், ஊருக்கே தெரியும். வீட்டுக் கூரையில் ஒரு டிஷ் ஆன்டெனா உண்டு. அதில் இறங்கும் இணையத்தை ஹாலில் இருக்கும் ரூட்டர் வீட்டுக்குள் விடும். அந்த ரூட்டரை ஒடுரோ ஐயா எந்தக் காலத்தில் வாங்கினார் என்று அவருக்கே ஞாபகமில்லை. அதற்குப் பின்னல் துணி போர்த்தி வைத்திருப்பார். "கெடாத சாமானத் தூக்கிப் போடுறவன் கெட்டுப்போவான்" என்பார். துணி வியாபாரம் செய்து மாடி வீடு கட்டிய க்வாஹுக்காரர் வேறு எப்படிப் பேசுவார்?

சனிக்கிழமை காலை தலையில் தட்டுகளைச் சுமந்து பாடிக்கொண்டே போய் வாசலில் நின்றோம். உள்ளேயிருந்து அம்போமாவின் குரல் வந்தது. அவள்தான் பெண் வீட்டுப் பேச்சுக்காரி. என் வயது, என் பருமன், குரல் மட்டும் என்னைவிட ஒரு வீடு தள்ளிக் கேட்கும்.

"வாசல்ல என்னமோ சத்தம் கேக்குது. ஆளா, ஆடா?"

"ஆளுதாம்மா. உங்க தோட்டத்துல ஒரு பூவப் பாத்தோம். பறிச்சுக்கலாமான்னு கேக்க வந்திருக்கோம்."

"இவ்வளவு லேட்டா வந்தா பூ வாடிறாதா? வைங்க அபராதம்! சரி, பூவப் பாத்த கண்ணு எங்க? அதக் கூட்டிட்டு வந்தீங்களா?"

"கண்ணு கனடாவுல இருக்கு. இதோ இந்தப் பெட்டிக்குள்ள இப்ப வரும் பாரு."

கூட்டம் கைதட்டியது. நான் கையைக் காட்ட, மாப்பிள்ளையின் தம்பி லார்பி தங்கத்தாளைப் பிரித்து லேப்டாப்பை மேசையில் வைத்தான். லார்பி தலைநகர் அக்ராவில் செல்போன் கடை வைத்திருக்கிறான். செல்போனுக்கு உறை மாட்டுவதைத் தவிர அவன் வேறு எதையும் செய்து நான் பார்த்ததில்லை, ஆனால் கேட்டால் எஞ்சினியர் என்பான். லேப்டாப் ரொட்டித் துண்டு போல மெல்லியதாக, அழகாக இருந்தது. லார்பி தட்டினான். தட்டிக்கொண்டே இருந்தான். அவன் கழுத்தில் வியர்வை இறங்கியது.

"என்னடா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"ரூட்டர் பேரு தெரியுது அக்கா. பாஸ்வேர்டும் சரிதான், ஐயாவே குடுத்தாரு. ஆனா உள்ள போக மாட்டேங்குது."

"ஏன்?"

"லேப்டாப்புக்குள்ள இருக்கிற வைஃபை கார்டு ரொம்ப புதுசு, ரூட்டர் ரொம்ப பழசு. இது பேசுறது அதுக்குப் புரியாது."

இதை நான் மென்று விழுங்கியிருக்க வேண்டும். ஆனால் முற்றமே என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எனக்கு வாயை மூடத் தெரியாது. "ஒண்ணுமில்ல பெரியவங்களே, எங்க லேப்டாப் புதுசு, உங்க ரூட்டர் பழசு, அதான் கொஞ்சம் கூச்சப்படுது" என்று உரக்கச் சொன்னேன்.

அம்போமாவுக்கு அல்வா கிடைத்த மாதிரி ஆயிற்று.

"கேட்டீங்களா ஜனங்களே! நம்ம வீடு பழசாம்! அவங்க கொண்டுவந்த பொட்டி நம்மகிட்டப் பேசாதாம்! ஏம்மா ஒபெனேவா, எங்க ஊர்ல வந்தவங்கதான் முதல்ல கை குடுப்பாங்க. உக்காந்திருக்கிறவங்க எழுந்து போய்க் குடுக்க மாட்டாங்க. உங்க லேப்டாப்புக்கு இந்த மரியாதையக்கூட யாரும் சொல்லித் தரலையா?"

பெண்கள் குலவையிட்டார்கள். மேளக்காரன் வேறு ஒரு தட்டுத் தட்டினான். எனக்கு வந்த கோபத்தில் அந்த மேளத்தைக் கிழித்திருப்பேன்.

"அப்ப வயர் போட்டுப் பேசவைடா" என்றேன் லார்பியிடம்.

"இதுல வயர் மாட்ட ஓட்டையே இல்ல அக்கா. ரொம்ப ஒல்லியா செஞ்சிட்டாங்க."

"உன் போன்?"

"அதுவும் புதுசு. அதுவும் மாட்டேங்குது."

இந்தக் களேபரத்தில் எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி, புண்ணியவதி, உதவி செய்கிறேன் பேர்வழி என்று துணிப்பெட்டியைத் திறந்து போட்டோவை எடுத்து நாற்காலியில் வைத்துவிட்டாள். பெக்குவே கண்ணாடிக்குள்ளிருந்து சிரித்தான். ஒடுரோ ஐயா எழுந்தார்.

"இது என்ன?"

நான் ஓடிப்போய் போட்டோவுக்கு முன்னால் நின்றேன்.

"கையோட கொண்டு வந்திருக்கீங்க! நான் அவ்வளவு சொல்லியும் மறைச்சுக் கொண்டு வந்திருக்கீங்க!" அவர் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஒருதடவ போட்டோவுக்குப் பொண்ணக் குடுத்துட்டு, தினமும் அவ மூஞ்சியப் பாத்துட்டு இருக்கேன். பந்தல்காரன் பந்தலப் பிரிக்கிற வரைக்கும் டைம். அதுக்குள்ள அவன் பேசலன்னா, பாட்டில எடுத்துட்டுப் போங்க."

சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது. டோக்குவா கேட்டுவிட்டாள்.

பந்தல்காரர்கள் ஏற்கெனவே வந்து சுவரோரம் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்கள். மதியம் அதே பந்தலும் நாற்காலிகளும் மேலத் தெருவில் ஒரு சாவு வீட்டுக்குப் போக வேண்டும். எங்கள் ஊரில் சனிக்கிழமை என்றால் அப்படித்தான். காலையில் கல்யாணத்துக்கு உட்கார்ந்த நாற்காலியில் மத்தியானம் துக்கத்துக்கு உட்காருவார்கள்.

எங்கள் எல்லோரிலும் இந்தக் கோளாறைச் சரிசெய்யத் தெரிந்தவள் ஒருத்திதான். அவள் கல்யாணப் பெண். கூப்பிடும்வரை பெண் அறையை விட்டு வரக் கூடாது. மாப்பிள்ளை பேசிய பிறகுதான் பெண்ணைக் கூப்பிட முடியும். பெண் வந்தால்தான் மாப்பிள்ளை பேச முடியும். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். பிறகு கையை எடுத்துவிட்டு, முறையாவது ஒன்றாவது என்று பெண்ணறைக் கதவுக்கு நடந்தேன். அம்போமா பின்னாலேயே ஓடி வந்தாள்.

"ஏய், பொண்ணப் பாக்கக் கூடாது!"

"யாரு பாக்குறா? கதவத்தான் பாக்குறேன். ஒஃபோரிவா! லேப்டாப் ரூட்டரோட பேசலடி! கார்டு புதுசா இருக்கிறதால பழச மதிக்க மாட்டேங்குதாம்!"

உள்ளேயிருந்து வந்த குரலில் கல்யாணப் பெண்ணின் வெட்கம் மருந்துக்கும் இல்லை.

"எந்த முட்டாள் சொன்னான்? புது கார்டுக்குப் பழைய பேச்செல்லாம் அத்துப்படி அத்தை! பழைய ரூட்டர் மெதுவாப் பேசினா அதுவும் மெதுவாப் பேசும். எவ்வளவு வேணா இறங்கி வரும். அப்படித்தான் செஞ்சிருக்காங்க. ஆமா, பழைய ரூட்டரா? நான் நேத்தே காலேஜ்ல இருந்து நல்ல ரூட்டர் ஒண்ணு இரவல் வாங்கி மாட்டிட்டேனே?"

நானும் அம்போமாவும் ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு இருவரும் திரும்பி, கதவுப் பக்கம் வந்துவிட்ட ஒடுரோ ஐயாவைப் பார்த்தோம். அவர் இருமினார்.

"அது... விடிகாலை வண்டியில திருப்பி அனுப்பிட்டேன்."

"அப்பா!"

"இரவல் சாமான் வீட்டுல இருக்கும்போது பொண்ணு பேச்சு நடத்தலாமா? நாளைக்கு எவனாவது ஒடுரோ வீட்டுல எல்லாமே இரவல்னு சொல்ல மாட்டானா?"

"நாற்காலி?" என்றாள் அம்போமா. அவள் இவர் பக்கத்துப் பேச்சுக்காரி, ஆனாலும் நாக்கு நாக்குதானே.

"அது வாடகை. வாடகை வேற, இரவல் வேற!"

அறைக்குள் ஏதோ தொம்மென்று கதவில் மோதியது. தலையணை என்று நினைக்கிறேன். பிறகு ஒஃபோரிவா பொறுமையாகச் சொன்னாள்.

"பிரச்சனை பேச்சுல இல்ல அத்தை, பூட்டுல. பாஸ்வேர்டக் காக்குற முறையச் சொல்றேன். அப்பா அந்த ரூட்டருக்கு ஆதி காலத்துப் பூட்டு ஒண்ணு போட்டு வச்சிருக்கார். குண்டூசி இருந்தாத் திறந்துடலாம். அதனால புது லேப்டாப்பெல்லாம் அந்தப் பூட்டு போட்ட வீட்டுக்குள்ளயே வராது. அது கர்வம் இல்ல, ஜாக்கிரதை. அந்த ரூட்டருக்கே அதைவிட நல்ல பூட்டு போடத் தெரியும். நான் எத்தனையோ தடவ கேட்டுட்டேன், இவர்தான் மாத்த விடல."

"மாத்தினா என் கம்ப்யூட்டர் உள்ள வராதே!" என்றார் ஒடுரோ ஐயா. அவருடைய பழைய கம்ப்யூட்டருக்கு அந்தப் பூட்டு ஒன்றுதான் தெரியுமாம். அதில்தான் தினமும் ராத்திரி குமாசியில் இருக்கும் நண்பரோடு தாயக்கட்டம் போல ஒரு காய் விளையாட்டு ஆடுவார். "எனக்கு வேற என்ன பொழுதுபோக்கு இருக்கு?"

இந்த இடத்தில் லார்பி எஞ்சினியராகிவிட்டான். "எதுக்கு சண்டை? பூட்டே வேண்டாம். தொறந்து விட்டுட்டா புதுசும் வரும், பழசும் வரும். ஐயா, உங்க கம்ப்யூட்டர்ல இருந்து நான் எடுத்து விடுறேன்" என்று உள்ளே ஓடினான். "வேணாம் லார்பி, நில்லு!" என்று கதவு கத்தியது. கதவு சொல்வதை யார் கேட்டார்கள்?

முதலில் வெற்றிதான். லேப்டாப் உள்ளே போனது, மணி அடித்தது, பெக்குவே வந்தான். சாஸ்கடூனில் இன்னும் விடியவில்லை. விசேஷத்துக்குப் போடும் கெந்தே துணியைத் தோளில் போட்டிருந்தான், அதற்கு அடியில் கம்பளிச் சட்டை, தலையில் காது மூடும் குல்லாய். கூட்டம் ஆர்ப்பரித்தது. ஒடுரோ ஐயா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பெக்குவே, நான் கேக்குறது கேக்குதா?"

"கேக்குது மாமா. எல்லாருக்கும் வணக்..."

அதோடு நின்றது. வாய் திறந்தபடி, ஒரு கண் மூடியபடி பெக்குவே உறைந்துவிட்டான். என்ன ஆயிற்று என்று சுற்றிப் பார்த்தேன். முற்றத்தில் அத்தனை பேர் கையிலும் போன். சிக்னலே இல்லாத வீட்டில் பூட்டில்லாத வைஃபை வந்திருக்கிறது, விடுவார்களா? மாமிகள் படம் பார்க்கிறார்கள், மேளக்காரன் கால்பந்து பார்க்கிறான், பந்தல்காரன் லாரிக்காரனோடு முகம் பார்த்துச் சண்டை போடுகிறான். அந்தக் கிழட்டு ரூட்டர் பாவம், இத்தனை பேருக்கு எப்படிச் சோறு போடும்? வைஃபையை எடுத்துவிட்ட பழைய கம்ப்யூட்டரும் கூட்டத்தில் மூச்சுத் திணறி நின்றுவிட்டது. லார்பி உள்ளேயிருந்து வெறும் கையோடு வந்தான்.

ஒடுரோ ஐயா திரையைப் பார்த்தார், நாற்காலியில் இருந்த போட்டோவைப் பார்த்தார்.

"இதுவும் போட்டோதானே?" என்றார். "அது சிரிக்குது. இது வாயப் பொளந்துட்டு நிக்குது. அவ்வளவுதான் வித்தியாசம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பந்தல்காரன் முதல் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான். தொழில் போகட்டும், அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறவள் இன்று சாயங்காலம் மறுபடியும் வளைவுக்கு ஏறி, என்ன சொல்வாள் அவனிடம்?

அம்போமாவை மேளத்துக்குப் பின்னால் இழுத்தேன்.

"பொய்ப்பொண்ணு எத்தன வச்சிருக்க?"

எங்கள் வழக்கம் இது. நிஜப் பெண்ணைக் கொண்டுவருவதற்கு முன், தலை முதல் முட்டி வரை துணி போர்த்தி வேறு இரண்டு மூன்று பெண்களைக் கூட்டிவந்து மாப்பிள்ளை வீட்டை ஏமாற்றப் பார்ப்பார்கள். 'இது எங்க பொண்ணு இல்லை' என்று நாங்கள் சொல்ல வேண்டும். ஏமாந்தால் கேலி.

"ரெண்டு பேரு" என்றாள் அம்போமா. "ஏன்?"

"மூணாவதா ஒண்ணு கொண்டு வா."

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. அவள் பருத்த தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. "அடிப் பாவி" என்றாள். "நீ மட்டும் என் பக்கம் இருந்திருந்தா இந்த மலையையே வித்திருப்போம்டி."

முதல் பொய்ப்பெண் வந்தாள், "இது இல்ல" என்றேன், போனாள். இரண்டாவது வந்தாள், குள்ளமாக இருந்தாள், "இதுவும் இல்ல, இது இன்னும் வளரணும்" என்றேன். மூன்றாவது பெண் துணி போர்த்திக்கொண்டு வந்தாள். நடையில் அவசரம். அம்போமா முற்றத்துக்கு நடுவில் நின்று அறிவித்தாள்.

"இந்தப் பொண்ணு ரொம்ப தூரத்துல இருந்து வருதாம், கால் வலிக்குதாம். அந்த மேசைகிட்டக் கொஞ்சம் உக்காந்துட்டுப் போகட்டும்."

யாருக்குத் தெரியாது? எல்லோருக்கும் தெரியும். அவள் கணுக்காலைப் பார்த்தே பாதிப் பேர் கண்டுபிடித்திருப்பார்கள். ஆனால் யாரும் மூச்சு விடவில்லை. ஒடுரோ ஐயா மட்டும் பாறையின் உச்சியில் ஏதோ பறவை இருப்பது போல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

துணிக்குள்ளிருந்து இரண்டு கைகள் மட்டும் வெளியே வந்து லேப்டாப்பை இழுத்துக்கொண்டன. பூட்டில்லாததால் லேப்டாப் இன்னும் ரூட்டர் வீட்டுக்குள்தான் இருந்தது. கைகள் பறந்தன. கொஞ்ச நேரத்தில் முற்றம் முழுக்க ஒரே குரலில் "அய்யோ!" என்றது. மாமிகளின் படம் நின்றது, மேளக்காரனின் கால்பந்து நின்றது. ஒஃபோரிவா புதுப் பூட்டு போட்டுவிட்டாள். சாவி அவளிடம் மட்டும். லேப்டாப் ஒருதடவை வெளியே வந்து, புதுச் சாவியைக் காட்டி, மறுபடி உள்ளே போனது. அந்தக் கிழட்டு ரூட்டரோடு ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் பேசியது.

மணி அடித்தது. கைகளில் ஒன்று கட்டை விரலால் ஒரு பட்டனை ஓங்கிக் குத்தியது. திரையில் பெக்குவே வந்தான், சத்தம் வரவில்லை; அதே விரல் கேமராவுக்கு முன்னால் வந்து மறுபடி குத்தியது.

நான் என் கடமையைச் செய்தேன். மூன்றாவது பெண் இருக்கிறாளே, வழக்கம் வழக்கம்தானே. மார்பில் கை வைத்து, முழுக் குரலில் சொன்னேன்.

"பெரியவங்களே! நல்லாப் பாத்துட்டோம். இதுவும் எங்க பொண்ணு இல்ல!"

"ஒஃபோ!" என்று கத்தியது லேப்டாப். "அந்தப் பட்டன இப்படிக் குத்தாதன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்! புது லேப்டாப்பு!"

கட்டை விரல் சட்டென்று துணிக்குள் போனது.

"துணிக்குள்ள ஏன் உக்காந்திருக்க? யாரு இவங்க, எங்க பொண்ணு இல்லங்குறாங்க? அது அவதான்! அதான் என் ஆளு!"

என் தொழில் வாழ்க்கையில் என் கட்சிக்காரனே சபையில் என்னைப் பொய்யாக்கியது அன்றுதான். அம்போமா தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அபராதம்! மாப்பிள்ளை வாய் தொறந்துட்டான், அபராதம்!" என்று சிரிப்புக்கு நடுவில் கத்தினாள். நான் அவளை உதைக்கப் போனேன், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஒடுரோ ஐயா பறவையை விட்டுவிட்டு எழுந்து வந்தார். மேசைக்குக் குனிந்து திரைக்குள் பார்த்தார்.

"தம்பி. அவ முகம் தெரியுதா உனக்கு?"

"இல்ல மாமா. துணிதான் தெரியுது."

"அப்புறம் எப்படிக் கண்டுபிடிச்ச?"

பெக்குவே குல்லாயைக் கழற்றினான். "கையப் பாத்தேன் மாமா. ரெண்டு வருஷம் அந்தக் கைக்குப் பக்கத்துல உக்காந்திருக்கேன். மிஷினு சொன்ன பேச்சுக் கேக்கலன்னா கட்டை விரலால குத்துவா. அப்புறம் கேட்டுடும். பயத்துல கேக்குதோ என்னமோ."

துணிக்குள் ஒரு சிரிப்பு கேட்டது. மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்டது.

"எப்ப வருவ?" என்றார் அவர். அவர் கேட்க நினைத்த கேள்வி முழுக்க அதுதான்.

"பேப்பர் கைக்கு வந்த மறுநாளே கிளம்பிடுவேன் மாமா. அது என்னைக்கு வரும்னு எனக்குத் தெரியல. தெரியாதத சொல்லி உங்கள ஏமாத்த மாட்டேன்."

ஒடுரோ ஐயா நிமிர்ந்தார். மகளின் தலையிலிருந்து துணியை அவரே எடுத்தார். தலையில் சுற்றிய மணிகள் கலைந்து, கண்மை வழிந்து, ஒஃபோரிவா நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா, உங்க கம்ப்யூட்டர்ல வயர் மாட்ட ஓட்டை இருக்கு. ரூட்டர்ல இருந்து நானே வயர் போட்டுத் தர்றேன். ராத்திரி ஆட்டம் நிக்காது."

"அத அப்புறம் பாக்கலாம்" என்றார். "முதல்ல இதுக்குப் பதில் சொல்லு. இந்த பாட்டில வாங்கட்டுமா?"

"வாங்குங்க."

வழக்கப்படி மூன்று முறை கேட்டார். மூன்றாவது முறை "எத்தன தடவப்பா!" என்றாள். நானும் அம்போமாவும் கட்டிப்பிடித்து ஆடினோம். பந்தல்காரன் அவிழ்த்த கயிற்றைத் தானாகவே மறுபடியும் கட்டினான்.

ஆட்டம் ஓய்ந்தபோது பார்த்தால், ஒடுரோ ஐயா நாற்காலியில் இருந்த போட்டோவைக் கையில் எடுத்திருந்தார். அவர் அதைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய், ரூட்டருக்கு மேலே சுவரில் வைத்து அளவு பார்த்தார்.

"யாராவது ஒரு சுத்தியலும் ஆணியும் கொண்டு வாங்க. நான் மாட்டுறேன். கழட்டுறதுக்கு அவன்தான் வரணும்."

சமையல்கட்டுக் கதவு திறந்தது. மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு டோக்குவா வெளியே வந்தாள். அத்தனை கூட்டத்தையும் கடந்து வந்து, சுத்தியலை மாமா கையில் கொடுத்தாள். உள்ளங்கையில் வைத்திருந்த ஆணிகளைக் கிளறி ஒன்றை எடுத்தாள்.

"சின்ன ஆணியா அடிங்க மாமா" என்றாள். "இது ரொம்ப நாள் தொங்காது."